ஆணியில் தொங்கிய ஹெல்மெட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சென்ற மாதம் இரண்டு மாலைகள் மேடையேற்றிய நாடகத்தில், இறந்துபோனவன் ஒரு முறைகூட மேடைக்கு வருவதில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் மூத்த மகனைப் பறிகொடுத்த, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடு ஒன்றின் ஓராண்டைச் சொல்லும் அந்த நாடகத்தைப் படிவம் 4, 5 மாணவர்கள் தாங்களே எழுதினார்கள். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதால், கதை தேடி அவர்கள் வெகுதூரம் போகவில்லை.

முதல் பிரதி ஐந்து காட்சிகளாக வந்தது: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதிய நூலிலிருந்து, துக்கத்தின் ஐந்து நிலைகளாக உலகெங்கும் பரவிய வரிசை அது. ஆனால் அவர் அந்நிலைகளைக் கண்டது, தீராத நோயால் தம் சாவை எதிர்நோக்கியிருந்தவர்களிடம் பேசித்தான். பிள்ளையைப் புதைத்துவிட்டு வீடு திரும்பிய தாயிடம் அல்ல. இதைச் சொன்னபோது மாணவர்கள் சற்று வாடிப்போனார்கள். இருந்தும் ஒரு தாய் மாதத்துக்கு ஒரு படியாக ஏறி, கடைசிக் காட்சியில் ஆறுதல் அடைந்துவிடுவதை மேடையில் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்த சிக்கல் அழுகை. தாயாக நடித்த மாணவி தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்தபடியே நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள். புறநானூற்றின் 112ஆம் பாடலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர், அன்றைய நிலவில் தங்களிடம் இருந்ததையும் இன்றைய நிலவில் இல்லாததையும் மட்டுமே சொல்கிறார்கள். அந்த ஐந்து அடிகளில் கண்ணீர் என்ற சொல்லே கிடையாது. அவள் தலையை ஆட்டினாளே தவிர, அடுத்த ஒத்திகையிலும் அலறத்தான் செய்தாள்.

அவளை மாற்றியவர் அவளுடைய பாட்டி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், துக்க வீடுகளில் ஒப்பாரி வைத்தவர். பேத்தியை அழைத்துப்போக வந்தவர், வாசலில் நின்று ஒத்திகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"எடுத்த எடுப்பிலயே கத்தக் கூடாது தாயி. மொதல்ல அவனக் கூப்புடணும். கூப்புட்டும் வரலன்னு தெரிஞ்ச பொறகுதான் சத்தமே வரும்."

பிறகு அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, மெல்ல ஆடியபடியே, மிகத் தாழ்ந்த குரலில் "என் ராசா" என்று இழுத்தார். கதவருகே நின்ற மாணவர்கள் அசையவில்லை. அன்றே அலறல் காட்சியை நீக்கிவிட்டோம்.

அந்த இடத்தில் வந்ததுதான் ஹெல்மெட் காட்சி. கதவோரத்து ஆணியில் மகனுடைய ஹெல்மெட் தொங்குகிறது. தாய் அதை எடுத்து மடியில் வைத்து, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கிறாள். பின்பு அதைக் கவிழ்த்து உட்புறத்தையும் துடைத்து, மீண்டும் மாட்டிவிட்டுச் சோறு போடச் செல்கிறாள். ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு வசனமே இல்லை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது நீண்ட நேரம். ஆயினும் முதல் நாள் அவள் அவசரப்படவே இல்லை.

நாடகம் முடிந்ததும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மேடைக்குப் பின்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை.

"உள்ள இருக்கிற பஞ்சத் தொடைக்காதம்மா. அவன் தலை வாசம் போயிடும்."

அதற்கு மேல் அவரிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மாலை அவள் கண்ணாடியைத் துடைத்து முடித்து, ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள். துணியை உள்ளே கொண்டுபோன கை பாதியில் நின்றது. துணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை முகத்தருகே கொண்டுசென்று சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு ஆணியில் மாட்டினாள்.