நீங்க என்ன ஆளுகன்னு கேட்டா

எங்க பக்கம் ராம்நாட்ல இருந்து ராமேஸ்வரம் போற பஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர் வந்து உக்காந்தாருன்னா உச்சிப்புளி வர்றதுக்குள்ள மூணு கேள்வி வந்துரும். எந்த ஊருப்பா, யாரு வீடு, அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, நீங்க என்ன ஆளுக. மூணுக்கும் பதில் கிடைச்சுட்டா அவரு மனசுல நம்மளை ஒரு இடத்துல உக்கார வச்சுருவாரு, அதுக்கு மேல அவரு பேசுற பேச்சு, நம்மளைக் கூப்பிடுற முறை எல்லாமே அதை வச்சுத்தான். அவரைக் குறை சொல்ல வரல, எங்க அம்மாவும் யாரைப் பாத்தாலும் இதைத்தான் கேப்பாங்க. ஆனா அந்த மூணு பதிலையும் நாமளே நம்பி, இதுதான் நான்னு வாழ்ந்து அப்படியே போய்ச் சேந்துர்றோமே, அதுதான் எனக்கு ரொம்ப நாளா உறுத்துது.

அந்த நான் யாருன்னு உள்ள தேடிப் பாத்தவரு திருவண்ணாமலை ரமண மகரிஷி. ரமணர் பிறந்தது திருச்சுழி, 1879. 1985ல மாவட்டத்தைப் பிரிக்கிற வரைக்கும் அந்த ஊரு நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துலதான் இருந்துச்சு. 1896ல மதுரைல சித்தப்பா வீட்டுல இருக்கும்போது, பதினாறு வயசுப் பையன், உடம்புக்கு ஒண்ணும் இல்ல, திடீர்னு சாகப்போறோம்னு ஒரு பயம் புடிச்சுக்கிச்சு. வேற யாராவது இருந்தா கத்தி ஊரைக் கூட்டிருப்போம். அவரு கையைக் காலை நீட்டி பொணம் மாதிரி படுத்து, மூச்சை அடக்கி, வாயை மூடிக்கிட்டு பாக்குறாரு, சரி இந்த உடம்பு செத்துருச்சு, தூக்கிட்டுப் போய் எரிச்சுருவாங்க, அப்ப நானும் செத்தேனா? உடம்பு கட்டையா கெடக்கு, ஆனா நான்ங்கிற உணர்வு மட்டும் முழுசா அப்படியே இருக்கு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் அந்தப் பயம் அவரு வாழ்க்கையில திரும்ப வரவே இல்ல. கொஞ்ச நாள்ல வீட்டை விட்டுக் கெளம்பி 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேந்தாரு.

அப்புறம் 1901, 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளைன்னு அரசாங்க வேலைல இருந்த ஒருத்தர் போய்க் கேட்ட கேள்விகளுக்கு, ரமணர் அப்ப பேசாம இருந்ததால எழுதிக் காட்டுன பதில்தான் பின்னாடி நான் யார்னு சின்னப் புத்தகமா வந்துச்சு. அதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது ஒண்ணு. எந்த நினைப்பு வந்தாலும் அதுக்குப் பின்னாடி ஓடாதே, இது யாருக்கு வந்துச்சுன்னு கேளு, எனக்குன்னு பதில் வரும், அந்த நான் யாருன்னு உள்ள திரும்பிப் பாரு. நான் யாருங்கிற அந்த நினைப்பும் மிஞ்சாது, பொணம் சுடுற தடி மாதிரி மத்த நினைப்பையெல்லாம் எரிச்சுட்டு கடைசில தானும் எரிஞ்சு போயிரும்ங்கிறாரு.

இதை நெறைய பேரு, நான் உடம்பில்ல, நான் மனசில்ல, நான் பிரம்மம்னு மந்திரம் மாதிரி சொல்றதுன்னு எடுத்துக்குறாங்க. சொல்லிப் பாருங்க, சொல்ற ஆளு அப்படியே அசையாம உக்காந்திருப்பான். ஆத்ம விசாரம்னா, அதாவது நான் யாருன்னு தேடுறதுன்னா, அந்தச் சொல்ற ஆளைப் புடிக்கிறது.

நான் ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊருல ஒரு மீன் கம்பெனில கணக்கு பாக்குறேன். கணவாய், நண்டு, எறால் வந்து எறங்குற நேரத்துல ஒரே சத்தம், ஐஸ் தண்ணி தரையெல்லாம் ஓடும், பில் புக்கு ஓரம் நனைஞ்சு பேனா எழுதாது. அப்படி ஒரு நாள் என் பையன் வயசு இருக்கும் ஒரு லாரி டிரைவர், எல்லாரும் நிக்கையில, யோவ் கணக்கு, சீக்கிரம் பில்லைக் குடுய்யான்னான். சுர்ருன்னு நெஞ்சுல ஏறுச்சு, காது சூடாச்சு. அந்த நேரம் பாத்து கேள்வி வந்துச்சு, இது யாருக்கு ஏறுது? பேரு சொல்லிக் கூப்பிடலைன்னு கோவமா, வயசுக்கு மரியாதை இல்லைன்னா, இன்னார் மகனை இப்படிச் சொல்லிட்டானேன்னா? ஒவ்வொண்ணா பாத்தா எல்லாமே யாரோ எனக்குக் குடுத்தது, பேரு அப்பா வச்சது, வேலை கம்பெனி குடுத்தது, மரியாதை ஊரு குடுக்குறது. அடிபட்ட ஆளைத் தேடுனா கையில சிக்கல, கோவம் நிக்க எடமில்லாம எறங்கிருச்சு. பில்லைக் குடுத்தேன், வண்டி போயிருச்சு.

அப்பாவுக்குத் திதி குடுக்க தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரைல உக்காந்திருந்தப்ப வேற மாதிரி ஒண்ணு பட்டுச்சு. விரல்ல தர்ப்பை மாட்டி, எள்ளும் தண்ணியும் கையில ஊத்தி, ஐயர் அப்பா பேரு கேட்டாரு, சொன்னேன், தாத்தா பேரு சொன்னேன், தாத்தாவோட அப்பா பேருன்னாரு, தெரியல. பரவால்ல, ராமநாதன்னு சொல்லிக்கங்கன்னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போயிட்டாரு. அந்த மனுசனும் என்னை மாதிரியே நான், என் வீடு, என் வம்சம்னு இருந்திருப்பாரு, எல்லைச் சண்டை போட்டிருப்பாரு. மூணாவது தலைமுறைல, அவரு ரத்தத்துல வந்தவனுக்கே பேரு தெரியல. அவரு நான்னு சொன்னப்ப உள்ள இருந்த அந்த உணர்வும் இப்ப எனக்குள்ள இருக்கறதும் வேற வேறயா? எள்ளைக் கடல்ல விட்டுட்டு எந்திரிக்கவே மனசு வரல.

சாதியைப் பத்தியும் சொல்லிடணும், ஏன்னா எங்க மாவட்டத்துல அதைச் சொல்லாம ஆத்ம விசாரம் பேசறது நியாயமில்ல. ஆதிசங்கரர் சின்னப் பையனா குருவைத் தேடிப் போனப்ப நீ யாருன்னு அவரு கேட்டதுக்குச் சொன்ன பதிலா நிர்வாண ஷட்கம்ங்கிற ஆறு சுலோகத்தைச் சொல்லுவாங்க. அதுல எனக்குச் சாவில்ல, சாதி பேதம் இல்ல, அப்பா இல்ல, அம்மா இல்ல, பிறப்பே இல்லன்னு வருது. உடம்பே நான் இல்லைன்னு ஆனப்புறம் அந்த உடம்பு எந்தத் தெருவுல பிறந்துச்சுங்கறது மட்டும் எப்படி நானாகும்? கோயில்ல இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுட்டு வெளிய வந்து என்ன ஆளுகன்னு கேக்குறவங்களைப் பாத்தா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு.

இதுக்குச் சாமியாராப் போகணுமான்னு வீட்டுல கேட்டாங்க. வேண்டியதில்ல, குடும்பத்துல இருக்கறவங்க குடும்பத்தை விட்டுட்டு வரட்டுமான்னு கேட்டா ரமணரே அதுக்குச் சரின்னு சொன்னதில்ல, நான் சம்சாரிங்கற நினைப்பை விட்டுட்டு நான் சந்நியாசின்னு இன்னொரு நினைப்பைத் தூக்கிச் சுமக்குறதுல என்ன லாபம்னு கேப்பாரு. தாயுமானவர் திருச்சி அரண்மனைல பெரிய உத்தியோகத்துல இருந்து அதை விட்டுட்டு வந்தவரு, அவரோட குரு மௌனகுரு அவருக்குச் சொன்னது சும்மா இருன்னுதான். தாயுமானவரோட சமாதி ராம்நாட்லதான் இருக்கு, லட்சுமிபுரத்துல. அவரு பாட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டா ரமணருக்குக் கண்ணு கலங்கிரும்னு கூட இருந்தவங்க எழுதியிருக்காங்க.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், கம்பெனில வேலை கம்மி, அப்பல்லாம் நான் அந்தச் சமாதிக்குப் போய் உக்காந்துட்டு வருவேன். உக்காந்தா நினைப்பு நிக்குதான்னா எல்லா நேரமும் நிக்காது, பாக்கி வசூல், பொண்ணு காலேஜ் ஃபீஸ்னு வந்துக்கிட்டேதான் இருக்கும், வர்றதை யாருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஏலம், எடை, சத்தம்னு வேலை நடக்கையில இந்தக் கேள்வியை விடாம வச்சிருக்கறதுதான் எனக்கு இன்னும் கைவரல. உங்கள்ல யாராவது வேலை நேரத்துலயும் இதைச் செஞ்சு பழகுனவங்க இருந்தா எப்படின்னு எழுதுங்க, எனக்கு நெசமாவே தேவைப்படுது.