பொழுதோட வந்து சேர்ந்த சொற்கள்

காதில் விழுந்த வட்டாரச் சொல்லையெல்லாம் குறித்து வந்த நோட்டை, நாளின் வேளைகளைச் சொல்லும் சொற்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டேன். "இதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?" என்று யாரிடமும் கேட்பதில்லை, கேட்டால் உடனே பாடப்புத்தகத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். பால் எப்போது கறப்பீர்கள், தண்ணீர் எப்போது பாய்ச்சுவீர்கள் என்று பேச்சுக் கொடுத்தால் சொல் தானாக வந்து விழுகிறது.

அதிகாலையைச் சொல்லும் நெல்லைப் பக்கத்து 'வெள்ளனே' எளிது: வெளுப்பில் பிறந்தது. கரிசலின் 'கருக்கல்' கருமையில் பிறந்தது. விடியலுக்கு முந்தைய இருட்டுக்கும் அந்தி இருட்டுக்கும் அதே சொல் என்பதால், எந்தக் கருக்கல் என்பதைப் பேச்சின் போக்கில்தான் பிடிக்க வேண்டும்.

'மசங்கல்' எனக்கு மிகவும் பிடித்தது. உயிர் 'உசிர்' ஆகிறது, உயரம் 'ஒசரம்' ஆகிறது. அதே வழியில் மயங்கல் மசங்கலாகியிருக்கிறது. மயங்குதல் என்றால் கலத்தலும்தான். பகலும் இரவும் கலக்கும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைப்பது? கர்ப்பிணிகளின் மசக்கையும் இந்த வீட்டுப் பிள்ளையே.

கொங்கில் 'ரவைக்கு வாங்க' என்றால் உப்புமாவுக்கு அழைப்பு இல்லை. இரவைக்கு என்பதில் முதல் எழுத்து உதிர்ந்திருக்கிறது, இரண்டு 'ரெண்டு' ஆனதைப் போல.

அங்கேயே 'பொழுதோட வர்றேன்' என்றால் மாலையில் வருகிறேன் என்று பொருள். பொழுது பொதுவாக நேரம்தானே, மாலை மட்டும் எப்படி என்று தேடியதில் திருக்குறளில் போய் நின்றேன். 123ஆம் அதிகாரத்தின் பெயர் 'பொழுதுகண்டு இரங்கல்'. "மாலையோ அல்லை மணந்தார் உயிருண்ணும் வேலைநீ வாழி பொழுது" என்று தலைவி மாலையைத்தான் 'பொழுது' என்று விளித்துத் திட்டுகிறாள். ஈரோட்டுச் சந்தைப் பேச்சு நேரே அங்கிருந்து இறங்கி வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கொங்கில் சூரியனும் பொழுதுதான்; 'பொழுது சாய்வதோடு' என்பது சுருங்கியும் இருக்கலாம். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

சொல்லுக்கொரு ராஜா கதை, துரை கதை சொல்பவர்களும் உண்டு. அவை நோட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போகின்றன. படிக்கச் சுவையானவை, நம்பத்தான் முடியாது.

அடுத்தது உச்சிவேளையைக் குறிக்கும் 'உருமம்'. வெப்பம் என்று பொருள்படும் பழைய 'உருப்ப'த்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்திரையில் மதுரைக்குத் தெற்கே போகலாம் என்றிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.