பூட்டிய ஹூட்

"புகை எனக்கு மட்டும்தான் சார். வெல்டுல ஓட்டை விழுந்தா எல்லாருக்கும் பிரச்சினை."

புகையை உறிஞ்சும் ஹூட்டை ஏன் இவ்வளவு தள்ளி வைத்திருக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டதற்கு அந்த மூத்த வெல்டர் சொன்ன பதில் இது. அதற்கப்புறம் நான் செய்தது சரிதான் என்று இன்றும் வாதாடுவேன். ஆனாலும் அந்தப் பதில் மனசை விட்டுப் போகவில்லை.

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. மிக் (MIG) வெல்டிங்கில், உலோகத்தை உருக்கும் மின்பொறியான ஆர்க்கைச் சுற்றி நிற்கும் கேஸ்தான் உருகிய உலோகத்தைக் காக்கிறது. விநாடிக்கு சுமார் 2 மீட்டருக்கு மேல் காற்று வீசினால் அந்தக் கேஸ் கலைந்து போரோசிட்டி, அதாவது வெல்டில் ஓட்டைகள், வரும். ஆனால் புகையைப் பிடிக்க, ஆர்க் இருக்கும் இடத்தில் விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை இழுப்பு இருந்தால் போதும். நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது. தூரம்தான் சிக்கல். விளக்கை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. ஹூட் வாயின் விட்டம் அளவுக்குத் தள்ளிப் போனாலே இழுப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அவர் வைத்திருந்த இடத்தில் ஹூட் இருந்தும் பயனில்லை.

காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரை வைத்து இதைக் காட்டினேன். தலையாட்டினார், ஹூட்டைப் பக்கத்தில் இழுத்தார். நான் நகர்ந்ததும் திரும்பத் தள்ளிவிடுவார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அதனால் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரைச் சரியான அளவில் வைத்து, ஹூட்டைத் தாங்கும் ஆர்மின் மூட்டை அந்த நிலையிலேயே பூட்டச் சொல்லிவிட்டேன். அங்கே நடப்பது ஒரே இடத்தில் போடும் சின்ன ஜாயின்ட் என்பதால் ஆர்மை நகர்த்த வேண்டிய தேவையும் இல்லை.

வெல்டிங் புகைத் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் சிறியவை, நுரையீரலின் அடிவரை போகும். 1989இல் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற பிரிவில் வைத்திருந்த வெல்டிங் புகையை, 2017இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 'புற்றுநோய் தரும்' என்ற முதல் பிரிவுக்கு மாற்றியது. இது தெரிந்த பிறகு அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதா? ஹூட் இழுக்கும் புகையை வடிகட்டும் டஸ்ட் கலெக்டரில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஃபில்டர் கார்ட்ரிட்ஜின் அழுத்த வேறுபாடு அளவுக்குள், அதைச் சுத்தம் செய்யும் காற்றுப் பல்ஸும் நேரத்துக்கு அடித்தது. ஆனால் தன்னிடம் வந்து சேராத புகையை எந்த ஃபில்டரும் பிடிக்காது. அந்த அழுத்த மீட்டரைப் பார்த்து நிம்மதியடைகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

புகை அவருக்கு மட்டும் என்பதும் உண்மையில்லை. சூடான புகை மேலே ஏறி, கிரேன் ஓட்டுபவரின் கேபின் உயரத்தில் தேங்கும். அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் பூட்டே தேவைப்பட்டிருக்காதோ என்று சில சமயம் தோன்றும். வேறொருவர் மூச்சுக்கும் தான் காரணம் என்று தெரிந்தால் அவரே ஹூட்டை இழுத்துக்கொள்வார், அப்படிப்பட்ட மனுஷர். சரி, ஆனால் ஏற்கெனவே வேலைத் தரத்துக்காகத் தன் நுரையீரலை விட்டுக்கொடுத்தவர் தலையில் இன்னொரு பாரத்தையும் ஏற்றுவது நியாயமா?

பூட்டிய பிறகு ஒரு முறை போரோசிட்டி வந்தது. கேஸ் வெளிவரும் நாசிலில் ஸ்பாட்டர், அதாவது தெறித்த உலோகத் துளிகள், அடைத்திருந்ததுதான் காரணம், ஹூட் இல்லை. அதைக் கழற்றிக் காட்டியபோது அவர் எதுவும் பேசவில்லை. வெல்டைத் திரும்பச் செய்யும் ரீவொர்க் அவர் பெயரில்தான் பதிவானது.

இந்த இடத்தில்தான் நான் தடுமாறுகிறேன். ரீவொர்க்கை எழுத ஒரு பதிவேடு இருக்கிறது, எழுதுவதற்கு வெல்டர் பெயர் இருக்கிறது. அவர் இழுத்த புகைக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஹூட்டைத் தள்ளி வைத்தது புத்திசாலித்தனம். நான் கணக்கை மாற்றவில்லை, ஹூட்டைத்தான் பூட்டினேன்.

காரணம் உறுதியாகும்வரை ரீவொர்க்கை வெல்டர் பெயரில் எழுதக் கூடாது என்று குவாலிட்டி பிரிவிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறோம் என்கிறார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் பூட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டால், எடுக்கலாம் என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.