சிகிரியாச் சுவரும் என் காம்பஸும்

சிகிரியா பாறைக்கோட்டைக்குப் போகத் தம்புள்ளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஓர் ஆட்டோக்காரர் என் பையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குப் போயா. சிகிரியா பஸ் ஓடாது" என்றார், நல்ல தமிழில். போயா என்றால் பௌர்ணமி, இலங்கையில் அரசு விடுமுறை. அன்றைக்குப் பௌர்ணமியா அமாவாசையா என்று எனக்கு எங்கே தெரியும்? 4,000 கேட்டார், 2,500க்குப் படிந்தது. நம் காசுக்கு எழுநூறு ரூபாய் சொச்சம். இனாமலுவ சந்தியில் திரும்பும்போது ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு பஸ் எங்களை முந்திப் போனது. நெற்றியில் சிகிரியா என்று எழுதியிருந்தது. கூட வந்த தம்பி, சித்தி மகன், ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தான். ஆட்டோக்காரர் அசரவே இல்லை: "அது ஸ்பெஷல் பஸ்."

அன்று ராத்திரி தங்கிய வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன். நிலா நகக்கீற்று அளவுக்குத்தான் இருந்தது.

இந்தப் பயணத்தை வரிசையாக, எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவு என்று எழுதுவதாகத்தான் போகும்போது தம்பியிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பாறையில் ஒரு சுவரைப் பார்த்தபின் எல்லாம் கலைந்துவிட்டது. இருந்தாலும் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். புறக்கோட்டையில் ஏறும் ஏசி வேனில் நடுவில் மடக்கு சீட் இருக்கும். அதில் உட்காராதீர்கள். நாலு மணி நேரத்துக்கு மேல், பின்னாலிருந்து ஒவ்வொருவர் இறங்கும்போதும் எழுந்து நின்று சீட்டை மடக்க வேண்டும். பையை மடியில் வைக்க முடியாவிட்டால் அதற்கும் ஒரு டிக்கெட் போடுவார்கள். என் பை என்னைவிடச் சொகுசாக வந்தது.

காலை ஏழு மணிக்கே வாசலுக்குப் போய்விட்டோம். சார்க் நாட்டுப் பாஸ்போர்ட் (இந்தியாவும் அதில் சேர்த்தி) காட்டினால் டிக்கெட் கணிசமாகக் குறையும், மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள். குறைந்தபின்னும் எனக்கு வயிறு எரிந்தது. தண்ணீர்த் தோட்டங்கள், பாறைத் தோட்டங்கள், படிகள், குளவி இருக்கிறது சத்தம் போடாதே என்ற பலகைகள். அதையெல்லாம் தாண்டி, சுருள் படிக்கட்டில் ஏறினால் அந்தப் பெண்களின் ஓவியங்கள். காசியப்பன் என்ற ராஜா 5ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறையில் அரண்மனை கட்டியபோது வரைந்தவை. போட்டோ எடுக்கக் கூடாது. நல்லதுதான், கொஞ்ச நேரமாவது கண்ணால் பார்த்தோம்.

ஓவியங்களிலிருந்து இறங்கி நடக்கும் பாதையின் ஓரத்தில் ஓடுகிறது கண்ணாடிச் சுவர். செங்கல் கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, ராஜாவின் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று தேய்த்ததாம். இப்போது பழுப்பேறிய மஞ்சள். முட்டை வெள்ளைக்கருவும் தேனும் கலந்த பூச்சு என்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ராஜா போனபின் இடம் பிக்குகளின் மடமானது, வேடிக்கை பார்க்கவும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஓவியத்துப் பெண்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர்கள், மனதில் பட்டதை இந்தச் சுவரில் கூரான எதையோ வைத்துக் கீறிவிட்டுப் போனார்கள். பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான கீறல்கள். சிங்களத்தில் இதற்குப் பெயர் 'குருட்டு கீ', கிறுக்கல் பாட்டு. (நம் காதில் குருட்டுப் பாட்டு என்றுதான் விழுகிறது.) பரணவிதான என்ற தொல்லியல் அறிஞர் 685 பாடல்களைப் படித்தெடுத்து 1956இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். சிங்களக் கவிதையின் மிகப் பழைய சொத்துகளில் ஒன்று அது. சொத்து எதில் இருக்கிறது பாருங்கள்: அடுத்தவன் சுவரில் கிறுக்கியதில்!

எழுதியவர்களில் பிக்குகள் உண்டு, அதிகாரிகள் உண்டு, பெண்களும் உண்டு. இத்தனை தூரம் ஏறி வந்தும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறாளே, பாறையில் இருப்பதால் மனசும் பாறையாகிவிட்டதோ என்று புலம்புகிற ஆண்கள். சுவரில் இருப்பவளைப் பார்த்து என்ன இப்படி வழிகிறீர்கள் என்று கடுகடுக்கிற பெண்கள். ஒரு படத்துக்குக் கீழே சில நூற்றாண்டுகள் ஓடிய கமெண்ட் வரிசை மாதிரி இருந்தது எனக்கு.

ஓரிடத்தில் நின்று சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்னால் போன கூட்டத்தில் ஒரு பையன் கம்பிக்கு மேல் கையை நீட்டினான். தொடத்தான் போனானோ என்னவோ. காவலாளி விசிலை ஊதினார். பெரியவர், அறுபதைத் தொடுகிற வயது. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எங்களிடமும் "தொட வேணாம், தம்பி" என்றார்.

அங்கேதான் என் தம்பி கேட்டான்: "அண்ணே, அவங்க எழுதினா கவிதை, நாம எழுதினா கேஸா?"

சும்மா கேட்ட கேள்வி இல்லை. 2015இல் கிழக்கு மாகாணத்திலிருந்து சுற்றுலா வந்த ஓர் இளம் தமிழ்ப் பெண் இதே சுவரில் தன் பெயரைக் கீறினார். தம்புள்ளை நீதிமன்றம் இரண்டு வருடச் சிறை என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்துத்தான் வெளியே வந்தார். பெயர் எழுதியதற்கு இரண்டு வருடம்! நான் எந்தப் பக்கம் நின்று யோசித்தாலும் அது அதிகம்தான்.

தம்பிக்கு முதலில் ஒரு பதில் சொன்னேன். பழைய ஆட்கள் ஓவியத்துக்குப் பதில் எழுதினார்கள், யாப்போடு எழுதினார்கள், அது கலை. வெறும் பெயரைக் கீறுவது அசிங்கம் என்றேன். படி ஏற ஏற அந்தப் பதில் எனக்கே செல்லாமல் போனது. அந்தப் பாடல்களில் பலவும் 'நான் இன்னார், இதை எழுதினேன்' என்று சொல்லித்தானே தொடங்குகின்றன! ஊர், பதவி எல்லாம் போட்டிருக்கிறார்கள். நானும் வந்தேன் என்று எழுதிவைக்கிற ஆசை அன்றைக்கும் இதே ஆசைதான்.

அனுமதி வாங்கி வரைந்தால் கலை என்பதும் சரிப்படவில்லை. 2019 கடைசியில், புதிய ஜனாதிபதி வந்த கையோடு, நாடு முழுக்க இளைஞர்கள் பெயின்ட் வாளியோடு இறங்கிச் சுவர் சுவராகப் படம் வரைந்தார்கள். யாரும் பிடிக்கவில்லை, பாராட்டினார்கள். மிச்சமிருப்பதில் வெளிறிப்போன சிலதை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கத்தி தூக்கிய ராஜா, சிங்கம், சூரியோதயம். ஒழுங்காக அனுமதியோடு வரைந்த காலண்டர் படங்கள்.

சரி, காம்பஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போனார்கள். மதுரைக்காரர்களுக்குத் தெரியும், அந்தத் தூண்களில் கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் ராஜாவும் கீதாவும்தான். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, ஏற்கனவே இருந்த ஓர் இதயத்துக்குள் என் பெயரைக் கீறினேன். பக்கத்தில் யார் பெயரும் இல்லை, அந்த வயதில் அதற்கு ஆளும் இல்லை. அந்தத் தூண்களின் வழவழப்பும் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சால் வந்ததாகத்தான் சொல்வார்கள். ஊசி எவ்வளவு சுலபமாக உள்ளே இறங்கியது என்பது இன்னும் விரலில் இருக்கிறது. சிகிரியாச் சுவரின் முன்னால் நிற்கும்போது, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த ஆளுக்கும் அப்படித்தான் இறங்கியிருக்கும் என்று பட்டது. அவனும் சுவரைக் கெடுத்தான். கெடுத்துக்கொண்டே ஒரு நல்ல கவிதையும் எழுதினான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஏன் நம்மைக் கேட்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

ஆனால் அவனுக்கு முன்னால் வெறும் சுவர் இருந்தது. இன்றைக்கு அங்கே வெறும் இடமே இல்லை. எங்கே ஊசியை வைத்தாலும் யாரோ ஒருவருடைய வரி மேல்தான் விழும். அதனால் விசில் ஊதுகிற பெரியவர் பக்கம்தான் நான். மகாலில் நானும் இன்னொருவன் இதயத்துக்குள்தான் எழுதினேன் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. கிறுக்கலுக்கும் கேடுக்கும் நடுவில் வித்தியாசம் வேண்டுமென்றால் 1967ஐப் பாருங்கள். யாரோ ராத்திரியில் ஏறி அந்த ஓவியங்கள் மேலேயே பச்சைப் பெயின்ட்டை அள்ளிப் பூசினார்கள். இத்தாலியிலிருந்து லூசியானோ மரான்சி என்ற நிபுணர் வந்து அதைச் சுத்தம் செய்தார். பெயின்ட் ஊற்றியவனுக்குச் சொல்ல எதுவும் இல்லை, இருந்ததை அழிப்பதைத் தவிர.

உச்சி பற்றி எழுத ஒன்றுமில்லை. சிங்கத்தின் பாதங்கள் பெரிசு, காற்று நன்றாக இருந்தது, முட்டி வலித்தது.

சாப்பாடு பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஊருக்குள் ஒரு அம்மா வீட்டுத் திண்ணையில் மண்சட்டி வரிசை. தாமரை இலையில் சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காயைக் கறுக்கக் கறுக்க வேகவைத்த பொலோஸ், தாமரைக் கிழங்கு, தேங்காய்ச் சம்பல், கத்தரிக்காய் மோஜு. அந்தப் பொலோஸைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஆட்டுக்கறி என்று சத்தியம் செய்வேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. தம்பி சட்டியைக் காட்டுவான், அவர் அள்ளி வைப்பார். நாலு முறை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஆட்டோக்காரர் வாங்கியதைவிடக் குறைவாகத்தான் வாங்கினார்.

மறுநாள் தம்புள்ளைக்கு பஸ்ஸில்தான் திரும்பினோம். டிக்கெட்டுக்குச் சில்லறை போதுமாக இருந்தது. முன் சீட்டின் முதுகு ரெக்சினில் சாவியாலோ எதாலோ சிங்களத்தில் இரண்டு பெயர், நடுவில் ஓர் இதயம். அடியில் நாலைந்து வரி நீளத்துக்கு வேறு ஏதோ. தம்பி போனில் படம் எடுத்து, பக்கத்தில் இருந்த காலேஜ் பையனிடம் என்ன எழுதியிருக்கிறது என்று சைகையில் கேட்டான். பையன் படித்துவிட்டுச் சிரித்தான், முகம் சிவந்தது, சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டான்.