பாதி நேரில், பாதி மொட்டை மாடியில்

சுகாதார அமைப்புகள் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பாதி இணைய வகுப்பு, பாதி நேரடி வகுப்பு. இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்துச் செவிலியர் வேலையை விடாமல் படிக்க எனக்கு இதுதான் தோது. நேரடி வகுப்புக்குச் சேது எக்ஸ்பிரஸில் சென்னை. மற்றபடி பணி முடிந்ததும் சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடி. காற்றுக் காலத்தில் பேராசிரியர் குரலைவிடத் தென்னை ஓலைச் சத்தம்தான் தெளிவாகக் கேட்கிறது!

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வகுத்த, சுகாதார அமைப்பின் ஆறு கூறுகள் இப்போது பாடம்: சேவை, பணியாளர், தகவல், மருந்து, நிதி, தலைமை. நல்ல பட்டியல்தான். ஆனால் இரத்த அழுத்த மாத்திரை வாங்கும் விசைப்படகு அண்ணன் ஒருவர், “நீங்கள் வரச் சொல்லும் நாளில் நான் கடலில் அல்லவா இருக்கிறேன், சிஸ்டர்?” என்கிறார். மருந்து அலமாரியில் இருக்கிறது, நான் நாற்காலியில் இருக்கிறேன், அவர் வருகை அட்டையில் மட்டும் கட்டங்கள் காலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில், அதே அட்டை ஒழுங்காக நிரம்பிவிடும். அந்த மாதங்களின் கணக்கைக் காட்டி ‘வருகை உயர்ந்தது’ என்று அறிக்கை எழுதினால் அதைவிடப் பெரிய பொய் கிடையாது.

இதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன். வழிகாட்டியிடமிருந்து இன்னும் பதில் இல்லை.