புளியங்கொட்டைக் கணக்கு

எச்.ஐ.வி. மாத்திரை வாங்க இன்னைக்கு தருமபுரி கூட்டு மருந்து மையத்துக்குப் போனேன். வழக்கம்போல அம்மாவும் கூடவே. "நீ எதுக்கும்மா?"ன்னா, "எனக்குத்தான் ஓசி பஸ்ஸாச்சே"ங்குது.

2019-ல காசநோயோட படுத்தப்ப என் சிடி4, அதாவது ரத்தத்துல நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களோட எண்ணிக்கை 86. 200-க்குக் கீழ போனாலே எய்ட்ஸ் கட்டம்தான். சொந்தக்காரங்க எனக்குன்னு தனி டம்ளர் எடுத்து வெச்சாங்க. அன்னையிலிருந்து அம்மா டீ குடிக்கிறது அந்த டம்ளர்லதான்.

அதுக்குப் படிக்கத் தெரியாது. கூலிக்குப் புளி தட்டுற கை. டப்பாவுல 30 மாத்திரை, அதனால கிண்ணத்துல 30 புளியங்கொட்டை. ராத்திரி களி தின்னுட்டு நான் மாத்திரை முழுங்கினதும் ஒண்ணை எடுத்துப் பக்கத்துக் கிண்ணத்துல போடும். ஒருநாள் பாலக்கோட்டுல தங்கிட்டேன். கையில மாத்திரை இருந்துச்சு, போட்டுக்கிட்டேன். மறுநாள் வந்து பார்த்தா கொட்டை நகரல.

"நான் கண்ணால பாக்கலையே சாமி."

(பத்து நாள் அந்தக் கணக்குச் சண்டை ஓடுச்சு.)

இப்ப ரத்தத்துல வைரஸ் கண்டறிய முடியாத அளவுதான். மாத்திரையை விடாம இப்படியே இருந்தா உடலுறவு வழியாக்கூடப் பரவாதுன்னு பஸ்ல தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கிட்டே கேட்டுச்சு:

"அப்ப பொண்ணு பாக்கட்டுமா? மொதல்லயே எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான்."