பயாப்ஸி ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள்

என் தந்தையின் முதுகில் அடிபட்டுக் கன்றியதைப் போன்ற கருநீலத் திட்டுகள் தோன்றியபோது, இரத்தப் பரிசோதனையில் எல்லா அணுக்களின் எண்ணிக்கையும் சரியாகவே இருந்ததால், இரத்தப் புற்றுநோய் என்ற ஐயம் யாருக்கும் எழவில்லை. தோலை மேலாகச் சீவி எடுத்த முதல் பயாப்ஸியிலும் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு இருந்தது பி.பி.டி.சி.என். (Blastic Plasmacytoid Dendritic Cell Neoplasm) என்ற அரிய இரத்தப் புற்றுநோய்; இந்நோயின் செல்கள் பெரும்பாலும் மேல்தோலை விட்டுவிட்டு அதற்குக் கீழுள்ள டெர்மிஸில் குவிகின்றன என்பதைப் பிறகுதான் ஒரு மருத்துவர் விளக்கினார். ஆகவே, ஆழமாக எடுக்கும் பஞ்ச் பயாப்ஸிதானா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து அதைச் செய்தார்கள். மரப்பு ஊசி, ஒரு தையல், அவ்வளவே. அறிக்கையின் அடியில் 'லுகேமியா அல்லது லிம்போமா ஐயம்; ஐ.எச்.சி. தேவை' என்றிருந்தது. முதல் இரண்டும் இரத்தப் புற்றுநோய் வகைகள்; ஐ.எச்.சி. என்பது செல்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களை, அதாவது மார்க்கர்களை, சாயமேற்றிக் காட்டும் திசுச் சோதனை. அச்சோதனைக்கு அங்கே வசதி இல்லாததால் சென்னைக்குப் போகச் சொன்னார்கள்.

ஆய்வக எழுத்தர் கண்ணாடி ஸ்லைடுகளை மட்டும் உறையிலிட்டுக் கொடுத்து, இதுவே போதும் என்று உறுதியாகச் சொல்லி அனுப்பினார். சென்னை மருத்துவரோ, ஏற்கெனவே சாயமேற்றிய அந்த ஸ்லைடுகளைக் கொண்டு தேவையான மார்க்கர்களையெல்லாம் பார்க்க முடியாது, திசு பதிந்துள்ள பாரஃபின் பிளாக் வேண்டும் என்றார். ஊர் திரும்பிக் கேட்டால், "பிளாக்கை வெளியே கொடுக்கிற வழக்கமில்லை சார்" என்று அதே எழுத்தர் கை விரித்தார். மருத்துவரின் கடிதம், தந்தையின் கையொப்பம், பயாப்ஸி எண் அனைத்தையும் கொடுத்த பிறகும், அறிக்கையில் பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியல் ஆதாரில் பின்னால் இருக்கிறதென்று மறுபடி நிறுத்தினார். கவுண்டரில் மன்றாடுவது வீண். நோய்க்குறியியல் துறைத் தலைவரை நேரில் பார்த்ததும் அவர் ஒரே கையெழுத்தில் முடித்துக் கொடுத்தார்.

சி.டி.4, சி.டி.56, சி.டி.123 ஆகிய மூன்று மார்க்கர்களும் பாசிட்டிவ் என்று வந்தன, மயிலாய்டு லுகேமியாவைக் காட்டும் எம்.பி.ஓ. மார்க்கர் நெகட்டிவ். அப்போதுதான் பி.பி.டி.சி.என். என்று உறுதியானது; உலக சுகாதார நிறுவனமே 2008-இல்தான் இதைக் கடுமையான மயிலாய்டு லுகேமியாவோடு தொடர்புடைய நோயாக வகைப்படுத்தியது. சி.டி.123 இல்லாமல் முதல் இரண்டை மட்டும் பார்த்திருந்தால் வேறு நோயென்று முடிவெடுக்க வாய்ப்புண்டு என்பதால், ஐ.எச்.சி.க்குப் பணம் கட்டுமுன் எந்தெந்த மார்க்கர்கள் பார்க்கப்படும் என்று விசாரியுங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், அது மெழுகு. வேலை முடிந்ததும் ரசீது காட்டித் திரும்பப் பெறுங்கள். எங்களுடையது இப்போது வீட்டு பீரோவில்தான் இருக்கிறது, எழுத்தர் இனி கேட்டாலும் கடிதம் கொண்டுவரச் சொல்வேன்.